கட்டுச்சோற்றுக்குத் தடை! குடிதண்ணீருக்குக் காசு!

உழைப்பாளியின் உழைப்பைச் சுரண்டுவது பழைய கதை. அவனுடைய ஓய்வையும் சுரண்டுவது இந்தக் காலத்துக் கதை. வருஷம் முழுவதும் மில்லிலும் வயலிலும் கறக்கப்பட்டவன், ஒரே ஒரு நாள் பெண்டாட்டி பிள்ளைகளோடு வெளியே கிளம்புகிறான். அந்த ஒரு நாளிலும் அவன் மடியைத் தடவிப் பார்க்க ஒரு கூட்டம் வாசலிலேயே காத்து நிற்கிறது!

இராமநாதபுரம், இராமேஸ்வரம் கரையோரத்துக்கு ஜனங்கள் சாரிசாரியாக வருகிறார்கள். 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 6-ந் தேதி புதிய பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. ராஜபாளையத்து மில் தொழிலாளி வருகிறான். பரமக்குடி நெசவாளி வருகிறான். திருவாடானை விவசாயக் கூலி வருகிறான். பத்துக் குடும்பம் சேர்ந்து வேன் பிடித்து, புளியோதரையும் எலுமிச்சஞ்சோறும் தூக்குவாளியில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். அக்னி தீர்த்தத்தில் குளிக்கிறார்கள். அரியமான் கடற்கரையில் மர நிழலில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். "என்ன கொண்டுவந்தாய்? பையைத் திற" என்று கேட்க அங்கே ஒருவனும் இல்லை. கடலுக்கு மதில் இல்லை. அதனால் சோற்றுக்கும் தடை இல்லை.

கடலைப் பார்த்த பிள்ளைகள் அடுத்த வருஷம் 'தீம் பார்க்' கேட்கின்றன. கேட்பதில் என்ன தப்பு? சறுக்கிலும் ராட்டினத்திலும் விளையாடுவது பணக்காரன் பிள்ளைக்கு மட்டும் எழுதிவைத்த பாக்கியமா? மதுரைப் பக்கமும் கோவைப் பக்கமும் சென்னைப் பக்கமும் இருக்கிற கேளிக்கைப் பூங்காக்களுக்கு நம் குடும்பங்கள் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் போய்வருகின்றன. அங்கே வாசலில் நடப்பதைத்தான் நாம் இங்கே பேச வந்தோம். அந்த மதிற்சுவர்ச் சட்டம் நம் கடற்கரைக்கும் வருவதற்கு முன்னாலேயே பேச வேண்டும் என்று வந்தோம்.

வாசலில் நடப்பது என்ன?

பெரும்பாலான பூங்காக்களில் "வெளி உணவு அனுமதி இல்லை" என்று பலகை தொங்குகிறது. பையைப் பிரிக்கிறார்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அம்மா கிண்டிய புளியோதரை வெளியே! பிள்ளைக்கு எடுத்துவந்த முறுக்கும் கடலை மிட்டாயும் வெளியே! வேனிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். உள்ளே போனவன் மத்தியானம் வெளியே வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாமா? பல இடங்களில் ஒரு முறை வெளியே போனால் அந்தச் சீட்டு செத்துப் போயிற்று.

இதன் அர்த்தம் என்ன? காலையிலிருந்து சாயங்காலம் வரை, கொளுத்துகிற வெயிலில், நான்கு பக்கமும் சுவர். உள்ளே ஒரே ஒரு முதலாளியின் கடை. அவன் சொன்னது விலை. பசிக்கிற குழந்தையை வைத்துக்கொண்டு எந்தத் தாய் பேரம் பேசுவாள்? சந்தையிலே நாலு கடை இருந்தால் நாம் ஒன்றை விட்டு ஒன்றுக்குப் போகலாம். இங்கே போக வழியில்லை. முதலில் ஆளை அடைத்துவிட்டு அப்புறம் விலை சொல்லுவதற்குப் பெயர் வியாபாரம் அல்ல, பகற்கொள்ளை.

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். உள்ளே தண்ணீருக்குப் பஞ்சம் உண்டா? கிடையாது. செயற்கை அலை அடிக்கிறது. செயற்கை மழை கொட்டுகிறது. சறுக்குமரத்தில் ஆறாக ஓடுகிறது. விளையாடத் தண்ணீர் கடல் போல. குடிக்கத் தண்ணீர் மட்டும் பாட்டிலில்! குடிதண்ணீர்க் குழாய் இருந்தாலும் அது எந்த மூலையில் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பிள்ளைக்கு நாக்கு உலர்ந்துவிடும். ஐஸ்கிரீம் கடை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் காலில் இடறும்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்

புருஷன், மனைவி, இரண்டு பிள்ளைகள். கோடை வெயிலில் ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். மொத்தம் 12 லிட்டர். லிட்டர் பாட்டில் 20 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். 240 ரூபாய். 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். தண்ணீர் ஒன்றுக்கே ஒரு நாள் கூலியில் பெரும்பகுதி போய், மிச்சம் நிற்பது 96 ரூபாய். அதே பாட்டிலை இரண்டு மடங்கு விலைக்கு விற்றால் 480 ரூபாய். வெயிலில் ஒரு நாள் முழுக்க மண் வெட்டினாலும் போதாது. இன்னும் ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை. தண்ணீர் குடித்ததோடு நிற்கிறோம்!

அந்தத் தண்ணீர் முதலாளிக்கு என்ன விலைக்குக் கிடைக்கிறது? திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கங்கைகொண்டானில் தாமிரபரணித் தண்ணீரைப் பெரிய குளிர்பானக் கம்பெனிகளுக்குக் கொடுப்பதை எதிர்த்து 2016-லும் 2017-லும் மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் வழக்கு நடந்தது. முதலில் தடை வந்தது. 2017 மார்ச்சில் வழக்குத் தள்ளுபடியாகித் தடை நீங்கியது. அந்த நாட்களில் ஊரெல்லாம் பேசப்பட்ட விலை: ஆயிரம் லிட்டருக்கு 37 ரூபாய் 50 காசு. அதாவது ஒரு லிட்டர் நாலு காசுக்கும் குறைவு. நம் குடும்பம் குடிக்கிற 12 லிட்டர் அந்த விலைக்கு 45 காசு. ஒரு லிட்டர் அடைக்க இரண்டு லிட்டர் செலவாகிறது என்றாலும் 90 காசு. நமக்கு 240 ரூபாய்! சுத்தம் செய்கிற செலவு, பாட்டில், லாரி, மின்சாரம் எல்லாவற்றையும் தாராளமாகப் போட்டுக்கொள்ளட்டும். ரயில்வே ஸ்டேஷனில் 'ரயில் நீர்' லிட்டர் 15 ரூபாய்க்கு விற்றது. 2025 செப்டம்பரில் 14 ஆகக் குறைத்தார்கள். அதே மாதம் 22-ந் தேதி முதல் பாட்டில் தண்ணீருக்கான ஜி.எஸ்.டி. வரியை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக்கினார்கள். 14 ரூபாய்க்கு ஸ்டேஷனில் விற்க முடிகிற தண்ணீர், மதிலுக்குள் போனதும் ஏன் பொன்னாக மாறுகிறது? தண்ணீர் மாறவில்லை. மதில்தான் விலையாகிறது.

ஏழைக்கென்று இருந்தது பாக்கெட் தண்ணீர். பிளாஸ்டிக் தடையில் 2019 ஜனவரி 1 முதல் அதுவும் போயிற்று. பிளாஸ்டிக் குப்பையை நாம் ஆதரிக்கவில்லை. கடலில் மிதப்பதும் ஆட்டின் வயிற்றில் அடைப்பதும் அதுதான். ஆனால் கேட்கிறோம்: ஏழை வாங்கிய பாக்கெட்டைத் தடுத்தவர்கள், கம்பெனி விற்கிற பாட்டிலை ஏன் விட்டுவைத்தார்கள்? நீலகிரியில் அதே வருஷத்தில் தண்ணீர் பாட்டிலையே தடுத்து, ரோட்டோரத்தில் குடிதண்ணீர் யந்திரம் வைத்தார்களே, அது மற்ற ஜில்லாக்களுக்கு ஏன் கீழே இறங்கி வரவில்லை?

இந்த வித்தை எங்கே பிறந்தது?

1955 ஜூலை 17. அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்தில் வால்ட் டிஸ்னியின் 'டிஸ்னிலாண்ட்' திறந்த நாள். இன்றைய தீம் பார்க்குகளுக்கெல்லாம் பெரியண்ணன் அதுதான். அன்று கொடிய வெயில். காலடியில் தார் இளகிற்று. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் எல்லா வேலையும் முடியவில்லை. கழிப்பறையா, குடிதண்ணீர்க் குழாயா என்று பார்த்துக் கழிப்பறையை முடித்தார்கள். தண்ணீர்க் குழாய்கள் போதவில்லை. பெப்சிக் கம்பெனிதான் அந்தப் பூங்காவின் புரவலர்களில் ஒன்று. "பெப்சி விற்பதற்காகவே தண்ணீரை அடைத்துவிட்டார்கள்" என்று ஜனங்கள் குமுறினார்கள். டிஸ்னி மறுத்தார். மறுப்பு எப்படியோ போகட்டும். அந்தச் சந்தேகம் எழுபது வருஷமாகத் தீரவில்லை. ஏனென்றால் தாகத்துக்கும் லாபத்துக்கும் உள்ள உறவை அன்று ஜனங்கள் ஒரே பார்வையில் கண்டுகொண்டார்கள்.

ஆனால் இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். இன்று அமெரிக்காவில் உள்ள டிஸ்னி பூங்காக்களில் குடும்பத்தார் தங்கள் சாப்பாட்டைக் கையில் கொண்டுபோகலாம். மதுவும் கண்ணாடிப் பாட்டிலும்தான் கூடாது. உள்ளே கடைகளில் கேட்டால் டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் இலவசமாகக் கொடுக்கிறார்கள். அங்கே நுழைவுச் சீட்டிலேயே தலையை மொட்டையடித்து விடுகிறார்கள் என்பது வேறு விஷயம். டாலர் தேசத்துப் பெருமுதலாளியே அனுமதிக்கிற கட்டுச்சோறு, நம்மூர்க் குட்டி முதலாளிக்கு மட்டும் கசப்பானது ஏன்?

சட்டம் எந்தப் பக்கம்?

சட்டம் இருக்கிறதே என்பார்கள். பார்ப்போம். அச்சடித்த விலைக்கு மேல் விற்கக் கூடாது. ஒரே பொருளுக்கு இரண்டு விலை அச்சடிக்கவும் கூடாது என்ற விதி 2018 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் அதற்கு மூன்று வாரம் முன்பே, 2017 டிசம்பரில், ஓட்டல் முதலாளிகள் சங்கம் போட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டது: ஓட்டலில் உட்கார்ந்து குடிக்கிறவன் வெறும் தண்ணீரை வாங்கவில்லை, அந்த இடத்தின் சுகத்தையும் சேர்த்து அனுபவிக்கிறான், ஆகவே பாட்டிலில் போட்ட விலைக்கு மேல் வாங்கலாம். மேஜை, நாற்காலி, மின்விசிறிக் காற்று எல்லாம் தண்ணீரில் கரைந்துவிட்டன!

அடுத்து 2018 ஜூலையில் ஜம்மு காஷ்மீர் ஹைக்கோர்ட், சினிமாக் கொட்டகைக்கு ஜனங்கள் சொந்தச் சாப்பாட்டைக் கொண்டுபோகலாம் என்று சொன்னது. நல்ல தீர்ப்பு. கொட்டகை முதலாளிகள் சும்மா இருப்பார்களா? சுப்ரீம் கோர்ட் போனார்கள். 2023 ஜனவரி 3-ந் தேதி அங்கே அது ரத்தாயிற்று. கொட்டகை தனியார் சொத்து; நிபந்தனை போட உடைமையாளனுக்கு உரிமை உண்டு என்றது கோர்ட். ஆனால் இரண்டு விஷயத்தை அந்தக் கோர்ட்டே குறித்துவைத்தது. சுத்தமான குடிதண்ணீர் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டும். கைக்குழந்தைக்கு வேண்டிய உணவைப் பெற்றோர் கொண்டுவருவதைத் தடுக்கக் கூடாது.

தோழர்களே, இந்த இரண்டையும் மனத்தில் முடிந்துவைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு சினிமாக் கொட்டகை பற்றியது. ஆனால் பூங்காக்காரன் "தனியார் சொத்து" என்று அந்த வாதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வருவானானால், அதன் மறுபாதியையும் நாம் அவன் முகத்துக்கு முன்னால் நீட்ட வேண்டும். மூன்று மணி நேரம் படம் பார்க்கிறவனுக்கே இலவசத் தண்ணீர் என்றால், பத்து மணி நேரம் வெயிலில் நிற்கிறவனுக்கு இல்லையா?

ஓட்டல்காரர்கள் பில்லில் கேளாமல் சேர்க்கிற 'சர்வீஸ் சார்ஜ்' கதையும் இதே குடும்பம்தான். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அது கூடாது என்றது. முதலாளிகள் கோர்ட்டுக்கு ஓடினார்கள். 2025 மார்ச்சில் டில்லி ஹைக்கோர்ட் ஆணையத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. கேட்டால் சட்டம் கொஞ்சம் அசைகிறது. கேளாவிட்டால் அது தூங்குகிறது. இதுதான் பாடம்.

மில்லுக்குள் உள்ள உரிமை, விளையாட்டிடத்தில் இல்லை!

மில் தொழிலாளிக்கு இந்த விஷயம் எளிதில் விளங்கும். 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் என்ன சொன்னது? ஒவ்வொரு ஆலையிலும் குடிதண்ணீர் வைக்க வேண்டும். அந்த இடத்தில் "குடிதண்ணீர்" என்று தொழிலாளிக்குப் புரிகிற பாஷையில் எழுத வேண்டும். கழிப்பறைக்கு ஆறு மீட்டருக்குள் வைக்கக் கூடாது. 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கோடையில் குளிர்ந்த தண்ணீர் தர வேண்டும். கான்டீன் நடத்த வேண்டும். கான்டீனில் லாபம் வைக்கக் கூடாது. விலையைத் தீர்மானிக்கும் கமிட்டியில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உட்காருவார்கள். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. அந்தத் தொகுப்புகளோடு தொழிலாளி வர்க்கத்துக்கு ஆயிரம் வழக்கு உண்டு. ஆனாலும் தண்ணீரும் கான்டீனும் முதலாளியின் கடமை என்பதை அதனாலும் அழிக்க முடியவில்லை.

இந்த உரிமைகள் வானத்திலிருந்து விழவில்லை. சங்கம் கட்டி, கேட்டில் நின்று, கதவடைப்பைத் தாங்கிப் பெற்றவை. இருபது நாள் உழைத்தால் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு என்பதும் அப்படிப் பெற்றதே. அந்த லீவில்தான் நாம் பூங்காவுக்குப் போகிறோம். போன இடத்தில் நடப்பது என்ன? நம்மை வேலை வாங்குகிற மில்லுக்குள் நமக்குத் தண்ணீர் இலவசம். நாம் காசு கொடுத்து நுழைகிற பூங்காவில் தண்ணீர் விலைக்கு! வேலைக்காரனாக இருக்கும்போது உள்ள மரியாதை, விருந்தாளியாகப் போகும்போது இல்லை. இதைவிட வெட்கக்கேடு உண்டா?

விவசாயத் தொழிலாளிக்கு இன்னொரு ஞாபகம் வரும். டீக்கடையில் அவனுக்கென்று தனி டம்ளர் வைத்திருந்த ஊர்களை அவன் அறிவான். அந்தக் கொடுமையை எதிர்த்து நின்று, பல இடங்களில் அந்த டம்ளரை உடைத்து எறிந்தவனும் அவனே. இன்று பணம் ஒரு தனி டம்ளரை வைக்கிறது. மதிலுக்குள்ளேயே பணக்காரக் குடும்பம் குளிர் அறையில் பந்தி போட்டுச் சாப்பிடுகிறது. கூலிக்காரக் குடும்பம் ஒரு பாக்கெட் சிப்ஸை நாலு பங்கு போட்டுக்கொண்டு, "எங்களுக்குப் பசிக்கவில்லை" என்று பிள்ளைகளிடம் பொய் சொல்கிறது. சாதி வைத்த டம்ளரை உடைத்த கை, காசு வைத்த டம்ளரைச் சும்மா விடலாமா?

பாசி எடுப்பவள் யார்? ஐஸ்கிரீம் விற்பவன் யார்?

இனி நம் கரைக்கு வருவோம். பூங்காவில் விற்கிற ஐஸ்கிரீமும் ஜெல்லியும் சாக்லேட் பாலும் குழையாமல், பிரியாமல் கெட்டியாக நிற்பது எதனால்? பலவற்றில் கடற்பாசியிலிருந்து எடுக்கிற பசையைச் சேர்க்கிறார்கள். அந்தப் பாசி எங்கே கிடைக்கிறது? மன்னார் வளைகுடாவில், பாக் நீரிணையில், நம் மண்டபத்திலும் பாம்பனிலும் இராமேஸ்வரத்திலும்! விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, இடுப்பில் வலைப்பையைக் கட்டி, மூச்சை அடக்கி முங்கிப் பாசி பறிப்பவர்கள் நம் பெண்கள். பாறை கையைக் கிழிக்கிறது. உப்புத் தண்ணீர் புண்ணில் எரிகிறது. தேசியக் கடல் பூங்கா என்று 1986-ல் அறிவித்த தீவுப் பக்கம் போனால் வனத்துறையின் கெடுபிடி வேறு. அதுவும் 'பூங்கா'தான், அங்கேயும் ஏழைக்குத்தான் தடை!

2000-ஐ ஒட்டிய வருஷங்களில் பெப்சிக் கம்பெனி இந்தக் கரையில் ஒரு வெளிநாட்டுப் பாசியை வளர்க்கும் தொழிலைக் கொண்டுவந்தது. சில வருஷத்தில் அதை வேறு கம்பெனிக்குக் கைமாற்றிவிட்டுப் போயிற்று. ஆனால் நம் பெண்கள் வாயில் அதற்கு இன்னும் 'பெப்சிப் பாசி' என்றுதான் பெயர். 1955-ல் கலிபோர்னியாவில் தாகத்தை விற்றவன், அரை நூற்றாண்டு கழித்து மண்டபத்தில் பாசியை வாங்கினான். உலகம் எவ்வளவு சிறியது பாருங்கள்! முங்கி எடுத்தவளுக்குக் கிலோ கணக்கில் சில்லறை. அந்தப் பசையால் கெட்டியான ஐஸ்கிரீமை அவள் பேத்திக்கு வாங்கிக் கொடுக்க அவளாலேயே முடியாது.

மீன் கதையும் இதுவே. பாம்பனிலும் மண்டபத்திலும் கரையில் ஏலம் போகிற நண்டும் இறாலும், எண்ணெய்ச் சட்டியில் ஒரு பிரட்டுப் பிரட்டி, இலையில் எலுமிச்சந்துண்டோடு வைத்தவுடன் விலை எங்கேயோ பறக்கிறது. பள்ளிக்கூட லீவில் ஊர் ஊராக ஜனங்கள் வந்து குவிகிற ஏப்ரல், மே மாதங்கள் எவை? விசைப்படகு கரையில் கட்டிக்கிடக்கிற மாதங்கள்! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கு நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் என்று 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அறிவித்தார்கள். 61-ஆல் வகுத்துப் பாருங்கள்: நாளைக்கு 131 ரூபாய். சுற்றுலாக்காரர் ஒருவர் ஒரு தட்டு மீனுக்குக் கொடுப்பதைவிட, அந்த மீனைப் பிடிக்கிறவன் குடும்பமே ஒரு நாள் சாப்பிடக் கிடைப்பது குறைவு!

தண்ணியில்லாக் காட்டின் தர்மம்

இராமநாதபுரத்தைத் 'தண்ணியில்லாக் காடு' என்பார்கள். உத்தியோகஸ்தரைத் தண்டிக்க வேண்டுமென்றால் இங்கே மாற்றுவார்கள். இந்தத் தண்ணியில்லாக் காட்டில் வழிப்போக்கனுக்குத் தண்ணீரை விலைக்கு விற்றார்களா? சத்திரக்குடி, முகுந்தராயர் சத்திரம் என்று ஊர்ப் பெயரிலேயே சத்திரம் நிற்கிறதே, எதற்காக? சேது யாத்திரை போகிறவனுக்குச் சோறும் தண்ணீரும் படுக்க இடமும் கொடுப்பதற்காக. தஞ்சையிலிருந்து இராமேஸ்வரம் போகிற வழியில் இருந்த சத்திரங்களைப் பற்றித் தஞ்சை ராஜா இரண்டாம் சரபோஜி 1801-ல் வெள்ளைக்கார ரெசிடென்டுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. எல்லாச் சாதி வழிப்போக்கருக்கும் சோறு உண்டு. நடுராத்திரியில் மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர் உண்டா என்று கூப்பிட்டுப் போடுவார்கள். நோயாளிக்கு மருந்து, குழந்தைக்குப் பால் உண்டு என்கிறது அந்தக் கடிதம்.

நாம் ராஜாக்களுக்குப் பல்லக்குத் தூக்க வரவில்லை. அந்தச் சத்திரத்துச் சோறு ராஜா உழுது விளைவித்ததல்ல. சேற்றில் நின்ற பண்ணையாளின் நெல் அது. சாதிக்கொரு பந்தி இருந்த காலம் அது. ஆனாலும் மன்னராட்சி கூட வழிப்போக்கனின் பசியை ஒரு பொறுப்பாக நினைத்தது. இன்றைய லாப ஆட்சி அதை ஒரு வாய்ப்பாக நினைக்கிறது. 2022 டிசம்பர் கடைசியில் இராமநாதசுவாமி கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் தொடங்கினார்களே, ஏன்? வருகிறவர்களுக்குப் பசிக்கும் என்பது சர்க்காருக்கும் தெரிந்திருப்பதால்தானே? கோயில் மதிலுக்குள் நியாயமானது கேளிக்கை மதிலுக்குள் அநியாயமாகி விடுமா?

தனுஷ்கோடிக்குப் போய்ப் பாருங்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். இரு புறமும் உப்புக்கடல். அங்கே குடியிருக்கிற மீனவப் பெண்கள் மணலைக் கையால் சில அடி தோண்டி, ஊறி வருகிற நல்ல தண்ணீரை அகப்பையால் மொண்டு குடத்தில் நிரப்புகிறார்கள். உப்புக்கடல் நடுவே மணல் கூடத் தண்ணீர் கொடுக்கிறது. முதலாளியின் மதில் கொடுக்கவில்லை!

அவர்கள் சொல்லும் சாக்குகள்

"வெளிச் சாப்பாடு வந்தால் குப்பை சேரும்" என்கிறார்கள். அப்படியா? பூங்காக் கடையில் விற்கிற காகிதத் தட்டும் பிளாஸ்டிக் கரண்டியும் குளிர்பான டப்பாவும் குப்பையாவதில்லையா? தூக்குவாளிச் சோறு சாப்பிட்டால் வாளி வீட்டுக்குத் திரும்பும். எது குப்பை?

"கெட்டுப்போன சாப்பாட்டால் நோய் வரும்" என்கிறார்கள். பெற்ற தாயைவிடப் பிள்ளையின் வயிற்றில் இவர்களுக்கு அக்கறை! புளியோதரை இரண்டு நாள் தாங்கும் என்பது நம் பாட்டிக்குத் தெரிந்த சாஸ்திரம்.

"யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை, பிடிக்காவிட்டால் வராதீர்கள்" என்கிறார்கள். இதுதான் உண்மையான பேச்சு. உழைப்பாளி வீட்டுப் பிள்ளை வரவேண்டாம் என்பது அதன் அர்த்தம்.

"எத்தனை பேருக்கு வேலை கொடுக்கிறோம்" என்கிறார்கள். வேலை பார்க்கிறவன் நம் பிள்ளைதான். பகல் முழுவதும் நின்றபடி தட்டு ஏந்துகிற அவனிடமே கேளுங்கள்: கான்டிராக்டர் கையில் சம்பளம், எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு அனுப்பப்படும் பயம். கடைத் தொழிலாளிக்கு உட்கார நாற்காலி வேண்டும் என்பதற்கே 2021-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டத் திருத்தம் போட வேண்டியிருந்தது. நாம் கொடுக்கிற அதிக விலை அவன் சம்பளத்துக்குப் போகவில்லை. ஆகவே அவனோடு நமக்குச் சண்டை இல்லை. பையைச் சோதிக்கிற காவல்காரனும் நம் ஆள்தான். பலகையை எழுதிவைத்தவனோடுதான் நம் சண்டை.

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. தொண்டிப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டைச் சுற்றிக் காட்ட வனத்துறையும் ஊராரும் சேர்ந்து படகு விடுகிறார்கள். ஊர்ப் பெண்கள் மீனும் நண்டும் சமைத்துக் கொடுக்கிறார்கள். பிடித்தவன் ஊரிலேயே, சமைத்தவள் கையிலேயே காசு தங்குகிறது. பதநீரும் நுங்கும் கருப்பட்டியும் விளைகிற சீமை இது. சாயல்குடிப் பனைத் தொழிலாளியின் பதநீரை விட்டுவிட்டு, வர்ணத் தண்ணீரைப் பிள்ளைக்கு ஊற்ற வேண்டும் என்று என்ன கட்டாயம்?

நாம் கேட்பது என்ன?

நாம் நிலாவைக் கேட்கவில்லை. கேட்பது இவ்வளவுதான்:

சீட்டு வாங்கி நுழைகிற ஒவ்வொரு பூங்காவிலும் சுத்தமான குளிர்ந்த குடிதண்ணீர் இலவசமாக, ஐஸ்கிரீம் கடை கண்ணில் படுவதுபோல் கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும்.

வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுபோகும் உரிமையைத் தமிழ்நாட்டு சர்க்கார் சட்டமாக்க வேண்டும். உட்கார்ந்து சாப்பிட நிழலும், கை கழுவக் குழாயும் உரிமம் பெறுவதற்கான நிபந்தனையாக வேண்டும்.

அச்சடித்த விலைக்கு மேல் ஒரு காசும் வாங்கக் கூடாது. எடை அளவு இன்ஸ்பெக்டர்கள் லீவு நாளில் ஆபீஸில் உட்காராமல் பூங்காவில் நடக்க வேண்டும்.

பெரிய பூங்காக்களில், மில் கான்டீன் மாதிரி, லாபமில்லாத ஒரு உணவகம் கட்டாயமாக வேண்டும். அங்கே வேலை செய்கிறவனுக்கும் அதில் சாப்பாடு வேண்டும்.

இராமேஸ்வரம், தனுஷ்கோடி, அரியமான் கரையில் சுற்றுலாவுக்கென்று எது வந்தாலும், கடற்கரையை மதில் போட்டு மறைக்கக் கூடாது. சாப்பாட்டுக் கடைகளில் முதல் உரிமை மீனவப் பெண்களுக்கும் பாசி எடுக்கும் பெண்களுக்கும் பனைத் தொழிலாளிகளுக்கும் வேண்டும்.

தொழிற்சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் கூலிக்கும் போனசுக்கும் கோரிக்கை எழுதுகிற அதே தாளில் இதையும் எழுத வேண்டும். சங்கத்தின் சார்பில் நூறு குடும்பம் சேர்ந்து போகட்டும். வாசலில் தூக்குவாளிகளை வரிசையாக வைத்துக்கொண்டு, "எங்கள் சோற்றை நாங்கள் தின்பதற்கு என்ன தடை? எழுத்தில் கொடு!" என்று கேட்கட்டும். ஒருவன் கேட்டால் காவல்காரனைக் கூப்பிடுவான். நூறு குடும்பம் கேட்டால் மேனேஜரைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

கூலி உயர்வு என்பது வேலை செய்கிற இடத்தில் மட்டும் நடக்கிற போராட்டமல்ல. இடது கையால் கொடுத்த கூலியை வலது கையால் பிடுங்குகிற இடங்களிலும் அது நடந்தாக வேண்டும். உழைப்பாளியின் ஓய்வு உழைப்பாளிக்கே சொந்தம். அந்த ஓய்வு நாளில் அவன் பிள்ளை அம்மா கை புளியோதரையைத் தின்று, வயிறு நிறையத் தண்ணீர் குடித்து, ராட்டினத்தில் சுற்றி வரட்டும். அதற்குக் குறுக்கே நிற்கிற பலகை எதுவானாலும், அது இறங்கியே தீர வேண்டும்!